மின்விசிறித் திருத்தம்

எதையும் எண்ணிப் பார்த்துச் செய்கிறவன் தப்பு செய்ய மாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையின் தயவில் எழுபத்தோரு வருடம் மரியாதையாக வாழ்ந்தவன் நான். மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன் (எங்கள் வீட்டுக்கு முப்பத்தாறு). கூட்டத்துக்குப் போனால் முதலில் நாற்காலிகளை எண்ணுவேன், அப்புறம் வாசல்களை, அப்புறம் கழிப்பறைக்கு எத்தனை அடி என்பதை. முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்தியபோது மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘மீட்டர்’. ஆட்டோவில் ஓடாத மீட்டர் இவரிடம் ஓடுகிறது என்று அதற்கு விளக்கம் வேறு.

அப்பேர்ப்பட்ட நான் கள்ள ஓட்டுப் போட்டுப் பிடிபட்டேன். நாற்பத்தோரு பேர் முன்னிலையில். அதுவும் ஸ்டிக்கர் பொட்டில்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் செல்வியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செல்வி மயிலாப்பூரில் எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் காலை ஐந்தரைக்கு வாசலில் உலாத்தும்போது (கேட்டிலிருந்து மின்கம்பம் வரை எழுபத்திரண்டு அடி) இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்.

“சார், நீ கம்ப்யூட்டர் வாத்தியார்தானே?”

“ஆமாம்மா. ரிட்டயர் ஆயாச்சு.”

“ஆனா இன்னா? மேஸ்திரி கையில ஒரு போன் குடுத்துக்கிறாங்க சார். அதுல மூஞ்சி காட்டணும். காட்னா வேலைக்கு வந்தேன்னு அர்த்தம். எல்லாருக்கும் டிங்குன்னு அடிக்குது. எனக்கு மட்டும் பொருந்தவில்லை, பொருந்தவில்லைன்னு சொல்லிக்கினே கீது. நான் எதுர்ல நிக்கிறேன். மேஸ்திரி என்னைப் பாக்கறான். பாத்துக்கினே ஆப்சென்ட் போடறான்.”

“நீங்க வந்திருக்கறது அவருக்குத் தெரியுமே?”

“தெரியும். போன்ல மாத்த முடியாதாம். மாசத்துல அஞ்சு தபா ஆப்சென்ட் ஆனா பேரை எட்த்துடுவாங்க. எனக்கு மூணு ஆச்சு.”

மூன்று. மிச்சம் இரண்டு. பொருந்தாததன் காரணம் எனக்குத் தெரியும். அந்த முகம் அறியும் மென்பொருளை யாரோ குளிரூட்டிய அறையில், நல்ல விளக்கில், முகம் கழுவி வந்தவர்களை வைத்துச் சோதித்திருப்பார்கள். விடியாத நேரத்தில், தூசிக்குத் தலையோடு மூக்கையும் சேர்த்துத் துணி கட்டிப் பழகிய ஒரு பெண்ணை வைத்து யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

“மேல இருக்கறவங்கோ யாரையாச்சும் தெரிஞ்சா சொல்லு சார்” என்றார் செல்வி.

தெரியும் என்பதுதான் பிரச்சினை. இரண்டு வாரத்தில் அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கூட்டம். அரசு செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கை வரைவு தயாரித்திருந்தது. கணினி ஆராய்ச்சியாளர்கள் கூடி, இந்தத் துறையில் அடுத்த சில வருடம் எதை ஆராய வேண்டும், எதற்கு விதி வேண்டும் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவள் கல்பனா, என் பழைய மாணவி, இப்போது பேராசிரியை. பெரியவர் ஒருவர் இருந்தால் அழகாக இருக்கும் என்று என்னையும் அழைத்திருந்தாள்.

“சொல்றேன்மா. கண்டிப்பாச் சொல்றேன்” என்றேன். பேச்சு வேகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் கல்பனா போன் செய்தாள்.

“சந்தானம் சார், ஒரு சின்ன உதவி. சுவர்ல ஒன்பது சார்ட் ஒட்டப் போறோம், ஒன்பது தலைப்பு. ஆளுக்கு மூணு வட்ட ஸ்டிக்கர். அவங்க முக்கியம்னு நினைக்கிற தலைப்புல ஒட்டணும். அதிகம் வாங்கின அஞ்சு தலைப்பு அறிக்கைக்குப் போகும். ஸ்டிக்கர் சப்ளை பண்றவர் கைவிட்டுட்டார். மயிலாப்பூர் பக்கம் கிடைச்சா வாங்கிட்டு வர்றீங்களா?”

நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று, மொத்தம் நூற்று இருபத்தாறு. மாட வீதிகளில் நான்கு ஸ்டேஷனரி கடை ஏறி இறங்கினேன். தங்க நட்சத்திரம் இருந்தது, பெயர் எழுதும் சீட்டு இருந்தது, வட்டம் இல்லை. ஐந்தாவதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கண்ணெதிரே தோரணம் தோரணமாக வட்டங்கள். சிவப்பு, ஒரே அளவு, பின்னால் பசையோடு. அட்டைக்குப் பன்னிரண்டு.

“இதுல பதினோரு அட்டை குடுங்க” என்றேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். “பதினொண்ணா? வீட்ல விசேஷமா சார்?”

“இல்லை. அரசாங்கக் கொள்கை.”

அவர் முகம் மாறவேயில்லை. “அரசாங்கக் கொள்கைக்கு எந்த சைஸ் சார் வேணும்? மீடியமா, பெருசா?”

மீடியம் வாங்கினேன். நூற்று முப்பத்திரண்டு பொட்டு. தேவைக்கு மேல் ஆறு.

வீட்டில் என் மனைவி லலிதா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏன்னா, இது நெத்தியில வச்சுக்கறதுக்குப் பண்ணினது. பேப்பர்ல எல்லாம் நிக்காது.”

“சோதிச்சுப் பாத்தாப் போச்சு” என்றேன். நான் விஞ்ஞானி அல்லவா. தினசரி காலண்டரில் ஒரு பொட்டை ஒட்டி மணி பார்த்தேன். ராத்திரி சாப்பிடும்போது இருந்தது. காலையில் எழுந்தபோதும் இருந்தது. “பாத்தியா?” என்றேன்.

“அந்த மூலையில காத்தே வராதே” என்றாள் அவள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

(மேலே மென்பொருளைச் சோதித்தவர்களைக் குறை சொன்னேன் அல்லவா? அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது ஞாபகமில்லை.)

கூட்டத்தன்று காலை செல்வி நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். நான்காவது ஆப்சென்ட் விழுந்துவிட்டது.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களைச் சுற்றி அடையாறு போய்ச் சேர்வதற்குள் ஆட்டோ ஒன்பது இடத்தில் நின்றது. ஒன்பது முறையும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பொட்டு இருந்தது.

அரங்கில் நாற்பத்திரண்டு நாற்காலி, இரண்டு வாசல், மேலே ஒரு கேமரா. அந்தக் கேமரா நிறுவனத்து மாணவர்களே செய்தது. யார் வந்தார், யார் பேசினார், யார் என்ன செய்தார் என்று முகம் பார்த்துத் தானாகவே தமிழில் கூட்டக் குறிப்பு எழுதுமாம். “மனுஷங்க நோட்ஸ் எடுத்தா விட்டுப்போகும் சார், இது ஒண்ணையும் விடாது” என்றாள் கல்பனா பெருமையாக.

நான் பொட்டு அட்டைகளை எடுத்து நீட்டியதும் அவள் சிரித்தாள். வந்திருந்த பதினான்கு பெண்களும் சிரித்தார்கள். சிலர் ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளப் போக, “கணக்கு குறையும், கணக்கு குறையும்” என்று நான் பதறினேன்.

தலைப்புகள் ஒன்பது. தமிழுக்கு வேண்டிய தரவுகள், பெரிய கணிப்பொறிகள், மருத்துவம், விவசாயம், இந்த எந்திரங்கள் குடிக்கிற மின்சாரமும் தண்ணீரும், போலிக் காணொளி, பள்ளிக்கூடம், பாதுகாப்பு. ஒன்பதாவது என்னுடையது. அதன் சார்ட்டில் நானே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: ‘எந்திரம் இல்லை என்று சொன்னால், அதே நாளில் ஒரு மனிதர் விசாரிக்க வேண்டும்.’ எல்லாச் சார்ட்டின் தலையிலும் ‘செயற்கை நுண்ணறிவுக் கொள்கை – ஆய்வு முன்னுரிமைகள்’ என்று கம்பீரமாக அச்சடித்திருந்தது.

அரசுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்வையாளராக வந்திருந்தார். “மேடம், எனக்கு ஒரே பக்கம். அஞ்சே அஞ்சு பாயின்ட். மேல இருக்கறவங்க அதுக்கு மேல படிக்க மாட்டாங்க” என்றார். ஒரு பக்கத்தில் எழுது என்று ஆராய்ச்சியாளனிடம் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. எங்களுக்கு ‘முன்னுரை’ என்று எழுதவே ஒன்றரைப் பக்கம் ஆகும்.

பெரிய கணிப்பொறிக்காரர்கள், எந்திரத்தை வாங்கிப் போட்டால்தான் ஆராய்ச்சி நடக்கும் என்றார்கள். தரவுக்காரர்கள், அதில் போட்டு அரைக்க மாவு வேண்டாமா என்றார்கள். மின்சாரம் பேசிய பெண், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊர்த் தண்ணீரைக் குடித்துவிடுவீர்கள் என்றார். ஒவ்வொருவரும் அவரவர் செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியே நாட்டுக்கு முக்கியம் என்று நிரூபித்தார்கள். நான் மட்டும் என்ன, அதற்குத்தானே வந்திருந்தேன்.

என் முறை வந்தது. மூன்று நிமிடம். முதல் வாக்கியம் மனப்பாடம்: ‘எங்கள் தெருவில் செல்வி என்று ஒருவர் இருக்கிறார்.’ எழுந்தேன். நாற்பத்தோரு முகம். பழக்கமான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தைரியம் வரும் என்று, பிழை விகிதம் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். எதை எதால் வகுப்பது? முயற்சிகளாலா, ஆட்களாலா, நாட்களாலா? வகுபடும் எண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. வகுக்கும் எண்ணைப் பற்றி இன்னும் இரண்டு. மணி அடித்தது.

“எங்க தெருவுல...” என்றேன்.

“டைம் சார்” என்றாள் கல்பனா.

உட்கார்ந்துவிட்டேன். செல்வியின் பெயரையே நான் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வரிசையாகப் போய்ப் பொட்டு ஒட்டினார்கள். கூட்டமாக நின்றதால் எந்தச் சார்ட்டுக்கு எத்தனை என்று என்னால் எண்ண முடியவில்லை. சாப்பாட்டுக்குப் போனார்கள். குளிர்சாதனத்தை அணைத்தார்கள். கடைசியாக வெளியேறிய எனக்கு ஒரு கவலை. அறை சூடானால் பசை இளகிவிடுமே? பார்த்தேன். ஒன்பதாவது சார்ட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மின்விசிறி. அதைப் போட்டுவிட்டுப் போனேன்.

ஆமாம். நானேதான் போட்டேன்.

பொட்டு நினைப்பில் சாம்பார் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்று நாற்பதுக்கு, மற்றவர்கள் பாயசத்தில் இருந்தபோது, நைசாகத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். தரையெல்லாம் பொட்டு.

பதறிப் போய் விசிறியை அணைத்துவிட்டு, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வைக்க இடமில்லாமல் இடது முழங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டேன். (தோலில் அருமையாக நின்றது. லலிதா சொன்னது சரி.) பத்தொன்பது. சுவரில் எண்ணினேன். நூற்று ஏழு. கூட்டினால் நூற்று இருபத்தாறு. ஒன்றும் தொலையவில்லை. அந்த ஒரு கணம்தான் அன்று முழுவதும் நான் நிம்மதியாக இருந்த கணம்.

அடுத்த கணம், எந்தப் பொட்டு எந்தச் சார்ட்டிலிருந்து விழுந்தது?

புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? கல்பனாவைக் கூப்பிடுவான். நான் படித்த மனிதன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து விகிதாச்சாரம் போட்டேன். சுவரில் மிஞ்சியிருப்பதன் விகிதப்படி விழுந்ததைப் பிரித்தால் நியாயம்தானே? முதலிடத்தில் இருந்த சார்ட்டில் இருபத்தொன்று, அதற்கு நான்கு. அடுத்ததற்கு மூன்று. இப்படியே வந்தேன். ஐந்தாவது இடத்தில் மின்சாரம், ஒன்பது பொட்டு. அதற்கு இரண்டு, ஆக பதினொன்று. ஆறாவது இடத்தில் என் சார்ட், எட்டுப் பொட்டு. அதற்கு ஒன்று, ஆக ஒன்பது.

ஐந்துதான் அறிக்கைக்குப் போகும். நான் ஆறு.

கண் முன்னால் செல்வியின் நான்கு விரல் வந்தது.

தசமங்களை முழுமையாக்கியதில் ஒரு பொட்டு கையில் மிஞ்சியிருந்தது. கணக்குப்படி அது நான்காவது சார்ட்டுக்குப் போக வேண்டும். ‘மிச்சம்தானே’ என்று என் சார்ட்டில் ஒட்டினேன். இப்போது பத்து. இன்னும் போதாது. அப்போதுதான் விசிறியைப் பார்த்தேன். அது என் சார்ட்டுக்குத்தானே பக்கத்தில் இருக்கிறது? காற்று அதில்தானே அதிகம் பட்டிருக்கும்? அப்படியானால் அதிலிருந்துதானே அதிகம் விழுந்திருக்கும்? சாதா விகிதாச்சாரம் போட்டது விஞ்ஞானப் பிழை அல்லவா? திருத்தம் வேண்டாமா? காகிதத்தில் ‘மி.வி. திருத்தம்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். திருத்தத்தின்படி முதல் சார்ட்டிலிருந்து ஒன்று குறைந்தது, மூன்றாவதிலிருந்து ஒன்று. என் சார்ட்டில் பன்னிரண்டு. மின்சாரத்தில் பதினொன்று.

ஒரு தப்பைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்துப் பெயரும் வைப்பது எங்கள் துறைக்காரர்களால் மட்டும் முடிந்த காரியம்.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். “எண்ணறதுக்கு முன்னாடி நம்ம எந்திரம் எழுதின காலைக் குறிப்பைப் பாத்துடலாம்” என்று கல்பனா திரையைப் போட்டாள்.

காலை வரவேற்பு, உரைகள், எல்லாம் ஒழுங்காக ஓடின. ‘12.30 – பங்கேற்பாளர்கள் வாக்களிக்கிறார்கள்’ என்று வந்தது. (சார்ட்டில் பொட்டோடு கை பட்டால் அது வாக்களிப்பு என்று மாணவர்கள் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.) அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

‘1.40 – பேரா. சந்தானம் தனியாக நுழைகிறார். முகம்: பொருந்துகிறது.’

‘1.46 – பேரா. சந்தானம் வாக்களிக்கிறார். முகம்: பொருந்துகிறது.’

‘1.46 – பேரா. சந்தானம் வாக்களிக்கிறார். முகம்: பொருந்துகிறது.’

அடுத்த வரியும் அதே. அதற்கடுத்ததும் அதே. அரங்கில் யாரோ மெதுவாக எண்ண ஆரம்பித்தார்கள். எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வரும் என்று எனக்குத் தெரியும். நான் சார்ட்டில் ஒட்டியவற்றை எடுத்து வேறு சார்ட்டில் மாற்றியதால் அது இருபத்தொன்று என்று எழுதியிருந்தது. வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு படம்: முழங்கை முழுக்கச் சிவப்புப் பொட்டோடு, கொலையைச் செய்துவிட்டுக் கையை மறைக்கிறவன் போல நான்.

செல்வியின் முகம் அதே அச்சில் வந்த இன்னொரு எந்திரத்துக்குத் தெரியவில்லை. என் முகம் பக்கவாட்டில், குனிந்த நிலையில், கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கும்போதும் தெரிந்தது.

“கேமரா சார்ட்டையும் எடுத்திருக்குமே, காலையில எத்தனை இருந்ததுன்னு பாத்துடலாம்” என்றார் யாரோ.

கேமராவை ஏற்பாடு செய்த மாணவி தலையைச் சொறிந்தாள். “அது முகத்தையும் கையையும்தான் பாக்கும் மேடம். சார்ட் பக்கம் மங்கலா இருக்கும். யாரும் கேக்கல...”

கல்பனா என் பக்கம் திரும்பினாள். “சார், என்ன ஆச்சு?”

எழுந்தேன். காகிதத்தைக் காட்டி விகிதாச்சாரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சம் வந்த ஒன்றை எங்கே ஒட்டினேன் என்பது வரை. விசிறித் திருத்தத்துக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“சார்” என்றாள் கல்பனா, “ரெண்டாம் வருஷப் பரீட்சையில தசமத்தை எனக்கு வசதியான பக்கம் தள்ளினேன்னு அரை மார்க் குறைச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும் இருக்கு சார்.”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. “சார், ஒரு டவுட்டு. இவ்வளவு தூரம் போய் அந்தத் தலைப்பை ஏன் உள்ள தள்ளணும்னு பாத்தீங்க?”

அப்போதுதான் செல்வியைப் பற்றிச் சொன்னேன். நிமிடக் கணக்கு பார்க்கவில்லை. நான்கு ஆப்சென்ட்டையும், எதிரே நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் போடுகிற மேஸ்திரியையும் சொன்னேன். “இந்த எந்திரம் எழுதினது எல்லாம் நிஜம். நான் தனியா வந்தேன், ஒட்டினேன். ஆனா ஏன்னு அதுக்குத் தெரியாது. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். என்னைக் கேக்க நாப்பத்தோரு பேர் இருக்கீங்க. செல்வியைக் கேக்க ஒருத்தர் இல்லை.” பிறகு மனசு கேட்காமல், “நாப்பது பேர். ஒருத்தர் பாத்ரூம் போயிருக்கார்” என்று திருத்தினேன்.

பொட்டு ஓட்டு ரத்தானது. கை தூக்கி மறுபடி எண்ணினார்கள். எந்த முகத்தோடு கை தூக்குவது என்று நான் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது இடம் மின்சாரம், பன்னிரண்டு கை. என் தலைப்புக்குப் பதினொன்று. ஆறாவது இடம். நான் கை தூக்கியிருந்தால் சமம். (தெரியும். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.)

அறிக்கை பிறகு வந்தது. ஐந்து முன்னுரிமைகள், ஒரே பக்கம். பின்பக்கத்தில் ‘மேலும் பேசப்பட்டவை’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி என்னுடையது. அது மேலே போயிருக்கிறது. பரிசீலனையில் இருக்கிறது. எத்தனை மாதமாக என்று எனக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப் போகிறது.

கூட்டத்தன்று மாலை சார்ட்டுகளைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனார்கள். ஒன்பதாவதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். “ஞாபகார்த்தமா சார்?” என்றாள் கல்பனா. அவமானத்தை வேறொருவர் கண்ணில் படும்படி விட்டுவைக்க மனமில்லை என்பதே உண்மை.

மறுநாள் ஐந்தரைக்கு அதைக் கிழித்துப் போடுவதற்காகக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். செல்வி வந்தார்.

“முடியலம்மா. என்னால ஆகலை. கொள்கை எல்லாம் வர ரெண்டு வருஷம் ஆகும்” என்றேன்.

“ரெண்டு வருசமா? எனக்கு இன்னிக்கு ஆறு மணிக்கு சார்” என்றவர், “கையில இன்னாது அது?” என்றார். வாங்கி விரித்தார். தெருவிளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தார். “இந்தப் பொட்டெல்லாம் இன்னா?”

“அதெல்லாம் ஓட்டு. இந்த விஷயம் முக்கியம்னு ஒவ்வொருத்தர் ஒட்டினது. ஆனா அது செல்லாது, ஏன்னா...”

‘ஏன்னா’ வரைக்கும் அவர் நிற்கவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஓட என் முழங்காலுக்குத் தெம்பில்லை. பெயரை எடுத்துவிடுவார்களோ, செல்லாத ஓட்டைக் காட்டியதற்காக என்னைத் தேடி வருவார்களோ என்று அறுபத்தெட்டு முறை மின்கம்பம் வரை போய் வந்தேன்.

எட்டரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அஞ்சாவது தபாவும் பொருந்தவில்லைன்னுச்சு சார். மேஸ்திரி பேனாவ எட்த்தான். நான் இத்த விரிச்சேன். இன்னாம்மா இதுன்னான். அரசாங்கக் கொள்கை, அடையார்ல பெரிய பெரிய வாத்தியாருங்கோ குந்திக்கினு ஓட்டு போட்டதுன்னேன். மேல இருக்கற எழுத்தப் படிச்சான். பொட்ட எண்ணான். பன்னெண்டு பேரான்னான். ஆமாடா, இன்னும் வருவாங்கன்னேன். பயந்துட்டான் சார். யாருக்கோ போன் போட்டான். ஒரு நோட்டு வாங்கியாந்து வச்சுட்டான். போனு ஒத்துக்கலன்னா நோட்டுல கையெழுத்து, மேஸ்திரி கையெழுத்து. பழைய நாலையும் அடிச்சுட்டான்.”

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு மனசாட்சியும் வந்தது. “செல்வி, உண்மையைச் சொல்லணும். அந்தப் பன்னெண்டுல நாலு நான் ஒட்டினது.”

செல்வி துடைப்பத்தைத் தட்டி ஈர்க்குச்சிகளைச் சமன் செய்தார். “யாரு ஒட்னா இன்னா சார்? ஒட்டிக்கினு கீதுல்ல.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘விசிறித் திருத்தம்’ என்பது ஒரு புழக்கச் சொல். நான் டாக்டர் சொன்னதைவிட ஒரு மைசூர்பாகு அதிகம் எடுத்தால் லலிதா, “விசிறித் திருத்தம் போட்டுண்டாச்சா?” என்பாள். வேளச்சேரியில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் காரணங்களை அடுக்கினால், நானே போனில், “விசிறி எந்தப் பக்கம்டா?” என்று கேட்கிறேன். நிலைக்கண்ணாடியில் லலிதா ஒட்டிவைத்த பொட்டில் ஒன்று குறைந்தால் முதலில் என் கையைத்தான் பார்க்கிறாள்.

அந்தச் சார்ட் மேஸ்திரியின் கொட்டகையில், நோட்டுக்கு மேலே, இன்றும் மாட்டியிருக்கிறது. போன வாரம் செல்வி கேட்டில் வந்து நின்றார்.

“சார், நாலு பொட்டு வுழுந்துட்ச்சு. மேஸ்திரி எண்ணிப் பாத்துட்டு எட்டுதான் கீதுன்றான். அட்டை இருந்தா குடு.”

“ஏன்னா, ஒரு அட்டையாவே குடுத்துடுங்கோ” என்றாள் லலிதா உள்ளிருந்து. “அங்க ஃபேன் இருக்கோ என்னமோ.”

கொடுத்தேன். செல்வி போய் ஒட்டியும் விட்டார். பன்னிரண்டு என்று உறுதி செய்துகொண்டேன். இருந்தும் ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. விழுந்த நாலு, நான் ஒட்டிய நாலா, அவர்கள் ஒட்டிய நாலா?